மூன்றாவது கை

சோபா தைக்கிற கடை என்றால் புருஷன் சுத்தியல் பிடிப்பான், பெண்டாட்டி மெஷின் மிதிப்பாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தக் கடையில் அது தலைகீழ். மெஷின் அவருடையது, சுத்தியல் அவளுடையது. வருகிறவர்கள் அவரைத் தையல்காரர் என்றும் அவளை ஆணிக்காரி என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்களுக்கே அதுதான் பெயர் போல ஆகிவிட்டது.

ஆணிக்காரி வேலை செய்வதை நின்று பார்க்கவேண்டும். நாற்காலிச் சட்டத்தைக் கவிழ்த்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வாள். கோதுமை மணி அளவில் கருநீலமாகச் சின்ன ஆணிகள் உண்டு. அதில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். இடது கை ரெக்ஸினைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்திருக்கும். வலது கையில் காந்தச் சுத்தியல். உள்ளே நாக்கு ஓர் ஆணியைப் பொறுக்கி, புரட்டி, கொண்டை முன்னால் வரும்படி உதட்டுக்கு அனுப்பிவைக்கும். சுத்தியல் உதட்டோரம் வந்து கோழி கொத்துகிற மாதிரி அதைக் கொத்திக்கொண்டு போகும். ஒரு தட்டு. சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டு. அதற்குள் அடுத்தது உதட்டில் வந்து நிற்கும்.

நேரான விளிம்புக்கென்று, ஸ்டேப்ளர் பின் அடிக்கிற துப்பாக்கி கடையிலேயே இருக்கிறது. ஆனால் மூலை மடிப்புக்கும் வளைவுக்கும் அது சரிப்படாது. துணியை இழுத்த கையை ஒரு நொடி விட்டால் மடிப்பு ஓடிவிடும். ஆணி எடுக்கக் கை ஏது? அதனால்தான், “எனக்கு மூணு கை” என்பாள்.

வாய் நிறைய ஆணியோடு பேசுவாள், சிரிப்பாள், வந்தவர்களைக் கேலி பண்ணுவாள். தும்மல் வந்தால் ஆணிகள் எல்லாம், வண்டிக்கு வழிவிடுகிற பிள்ளைகள் மாதிரி, கன்னத்தோரம் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு நாளும் ஒன்றை அவள் விழுங்கியதில்லை.

அப்படிப்பட்ட வாய்தான் அந்த மழைக்காலத்தில் பூட்டிக்கொண்டது.

முதலில் இடது கடைவாயில் ஒரு குடைச்சல். அது போகும், திரும்ப வரும். இந்தத் தடவை கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கிவந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள்தான் கடைக்கு ஃபோம் வெட்டிக் கொடுப்பவள். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று விரல் நுனியில் வைத்திருப்பவளும் அவள்தான்.

“அண்ணி, இது ஞானப்பல். கடைசியில முளைக்குமே, அது. உங்களுக்கு நேரா முளைக்காம படுத்துக்கிட்டு இருக்கும்.”

தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஞானம் வருதுன்னா வரட்டுமே. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“வந்ததுனாலதான் வலிக்குது,” என்றாள் அவள், திறக்காத வாயால். “உங்களைப் பாருங்க, ஒரு வலியும் கிடையாது.”

மெஷின் நின்றது. நாத்தனார் சிரித்துச் சிரித்து ஃபோம் மூட்டையில் சாய்ந்துவிட்டாள்.

தெருமுனைப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார். “இது நம்ம நாற்காலியில எடுக்கற பல் இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்று ஒரு சீட்டும் எழுதினார். வீக்கம் வடிந்து, வாய் ஓரளவு திறந்து, மறுபடி வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவர்களால் போக முடிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் படம் எடுக்கச் சொன்னார்கள். இருட்டு அறை. நின்ற வாக்கில் ஒரு குச்சியைக் கடித்துக்கொள்ள வேண்டும், மெஷின் தலையைச் சுற்றிவரும். “உடம்புல உலோகம் எதுவும் இருக்கக்கூடாது” என்றார் படம் எடுப்பவர். தோட்டைக் கழற்றினாள். கொண்டை ஊசி, கண்ணாடி, வளையல், சேலையில் குத்தியிருந்த பின் எல்லாவற்றையும் தட்டில் போட்டாள். மெஷின் முனகிக்கொண்டே ஒரு சுற்று வந்து நின்றது.

படம் எடுப்பவர் வெளியே வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

“அம்மா, உங்களுக்கு எப்பவாவது தாடை உடைஞ்சு ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?”

“இல்லையே.”

“ஆணி கீணி வச்சாங்களா? வலது பக்கம் ஒரு ஆணி தெரியுதே.”

அவள் நாக்கு தானாகவே வலது கன்னத்தின் பொந்துக்குள் போய்ப் பார்த்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள் இல்லையா, அந்தக் கதைதான். காலையில் கிளம்புகிற அவசரத்தில் ஒரு மூலை அடித்துவிட்டு வந்திருந்தாள். விரலை விட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

“இதுவா? இது எங்க கடை ஆணிங்க.”

மறுபடி படம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகே மெஷினைத் தொட்டார்.

அறுவை டாக்டர் ஒரு நெட்டையான பெண். முதல் படத்தையும் அந்த ஆணியையும் வாங்கிப் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு, அதிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“அம்மா, சிரிச்சுட்டேன். ஆனா மயக்கம் கொடுக்கற அன்னைக்கு இது வாயில இருந்திருந்தா நேரா மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும். தெரியுமா?”

“இனிமே இருக்காது டாக்டர்.”

“வாங்க, இதைப் பாருங்க.”

திரையில் ஒரு தாடை மிதந்தது. டாக்டர் விரலை அசைக்க அசைக்க அது திரும்பியது. இப்படிப் பார்த்தால் பக்கவாட்டு, அப்படிப் பார்த்தால் அடி. அது தன்னுடையது என்று புரிய ஆணிக்காரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எத்தனையோ சட்டங்களைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். தன்னுடைய சட்டத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடைசியில் அந்தப் பல், பெட்டியில் குறுக்காகப் போட்ட கரண்டி போல, படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல்.

“இந்தக் கறுப்பு நீர்க்கட்டி. எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டு இருக்கு. விட்டா ஒரு நாள் எதையாவது அழுத்திக் கடிக்கறப்போ தாடையே உடையும். அதனால எடுத்தே ஆகணும்.”

பிறகு டாக்டர் ஏதோ அமுக்கினாள். எலும்புக்குள் சிவப்பாக ஓர் இழை தோன்றியது. தாடையின் பின்னாலிருந்து புறப்பட்டு, பல் வேர்களுக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடி, மோவாயருகே வெளியே வந்தது. மெத்தை விளிம்புத் தையலுக்குள் கயிறு வைத்துத் தைப்பார்களே, அதே மாதிரி எலும்புக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஓர் இழை.

“இது நரம்பு. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கறது. உங்க பல்லோட வேர் இது மேல சாய்ஞ்சிருக்கு.”

ஆணிக்காரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை காலமும் சாப்பிட்டு, சண்டை போட்டு, சிரித்துக் கொண்டிருந்த முகத்துக்குள் இப்படி ஒரு வேலைப்பாடா!

“ஏங்க, பாத்தீங்களா? உள்ள பைப்பிங் வச்சுத் தைச்சிருக்கு.”

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “பிரிக்காம எப்படி உள்ள கோத்தாங்க?” என்றார், தொழில் செய்கிறவரின் நிஜமான சந்தேகத்தோடு.

“அதான் எனக்கும் புரியல,” என்றாள் டாக்டர். “நாக்குக்குப் போற நரம்பு வேற இருக்கு. அது எலும்புக்குள்ள போறதில்ல. உள்பக்கமா, ஈறுக்கு அடியில போகும், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. அது இந்தப் படத்துல தெரியாது.”

“தெரியாமலே எப்படி டாக்டர் அறுப்பீங்க?”

“அது இருக்கற பக்கமே போகாம அறுப்பேன். பல்லை முழுசாப் பிடுங்க மாட்டேன். துண்டு துண்டா வெட்டி, வேரை நரம்பு மேல அழுத்தாம எடுப்பேன். ஆனா மறைக்காம சொல்லிடறேன், சிலருக்கு அப்புறம் உதடோ நாக்கோ மரத்துப்போகும். முக்கால்வாசிப் பேருக்குத் தானா திரும்பிடும். யாரோ ஒருத்தருக்குத் திரும்பாமலும் போகும்.”

ஆணிக்காரியின் நாக்கு உள்ளே ஒரு தடவை புரண்டது. மரத்துப்போன நாக்குக்கு ஆணியின் கொண்டை எது, முனை எது என்று எப்படித் தெரியும்? உதட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் தொண்டைக்கு அனுப்பிவிடும்.

“டாக்டர், இந்த நாக்கு சும்மா ருசி பாக்கற நாக்கு இல்ல. இதுதான் என் கை.”

டாக்டர் மேஜையிலிருந்த ஆணியை எடுத்து, விரல் நுனியில் உருட்டிப் பார்த்தாள். “ஞாபகம் வச்சுக்கறேம்மா” என்றாள்.

வீடு வந்ததும் நாத்தனார் தொடங்கிவிட்டாள். “நம்ம தெருவுல ஒருத்தருக்கு எடுத்தாங்க அண்ணி. டீ உதட்டோரம் ஒழுகறதே தெரியாதாம். சட்டையெல்லாம் கறை.”

“ஏடி, எனக்கு நல்லது சொல்ல யாருமே கெடைக்கலையா உன் லிஸ்ட்ல?”

“இன்னொருத்தருக்கு ஒண்ணுமே ஆகல.”

“அவரை முதல்ல சொல்ல வேண்டியதுதானே!”

தையல்காரர் அன்று மாலை முழுக்க மெஷினை விட்டு எழவில்லை. ஒரே தையலைப் போட்டுப் போட்டுப் பிரித்தார். கடைசியில், “உனக்கு வேண்டாம்னா வேண்டாம். மாத்திரை போட்டுச் சமாளிப்போம்” என்றார்.

“தாடை போனா நாக்கை எங்கே வச்சுக்கறது? உங்க மெஷின் டிராயர்லயா?” என்றாள் அவள். அத்தோடு முடிவாகிவிட்டது.

ஆபரேஷன் அன்று காலையில் வெறும் வயிற்றோடு, பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல், மழையில் நனைந்த குடையோடு போய்ச் சேர்ந்தார்கள். பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்ன நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான் ஆணியம்மாவா? வாயைத் திறங்க. சோதனை போடாம உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு.”

ஆணிக்காரி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் இழுத்துக் காட்டினாள்.

அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். உங்க பேர் என்ன, எதுக்கு வந்திருக்கீங்க, எந்தப் பக்கம். அவளுக்குச் சலிப்பாகிவிட்டது.

“ஏம்மா, நீங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?”

“எங்களுக்குத் தெரியும்மா. உங்க வாயால கேக்கணும், அதான் முறை,” என்றாள் நர்ஸ். பேனாவால் அவள் இடது கன்னத்தில் ஓர் அம்புக்குறி போட்டாள். அதைப் பார்த்ததும் ஆணிக்காரிக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளும் எந்தச் சட்டத்தைப் பிரித்தாலும் முதலில் சாக்கட்டியால் அம்புக்குறி போடுகிறவள்.

தையல்காரர் கதவுவரை வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், “பயப்படாதே, நான் இங்கயேதான் இருப்பேன்” என்றார். ஈரக் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

“நீங்க எதாவது சாப்பிடுங்க. பட்டினி எனக்குத்தான் சொன்னாங்க.”

உள்ளே ஒரே குளிர். தலைக்கு மேல் தேன்கூடு மாதிரி ஒரு விளக்கு. மயக்க டாக்டர் அவள் புறங்கையில் ஊசி குத்தி, “எதாவது நல்லதா நினைச்சுக்குங்கம்மா” என்றார். எதை நினைக்கலாம் என்று அவள் தேர்ந்தெடுக்கத் தொடங்கினாள். கைவழியாகச் சில்லென்று ஏதோ ஏறியது.

“எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டாள்.

“முடிஞ்சு போச்சும்மா. வார்டுல இருக்கீங்க,” என்றது நர்ஸின் குரல்.

ஆணிக்காரி கண்ணைத் திறந்தாள். தேன்கூட்டு விளக்கைக் காணோம். ஒரு ஜன்னல், அதில் வெயில். தூக்கம் என்றால் தூங்கினோம் என்று உடம்புக்குத் தெரியும். இது அப்படியில்லை. நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டார்கள். அந்தத் துண்டு எங்கே போனது? அவள் வெயிலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணில் நீர் வந்தது. துக்கத்தில் வந்த நீர் இல்லை அது.

வாயில் சுருட்டிய துணி இருந்தது. “அழுத்திக் கடிச்சுக்கிட்டே இருங்க, ரத்தம் அதுலதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு, நர்ஸ் தையல்காரரிடம் மற்றதைச் சொன்னாள். இன்று கொப்பளிக்கக்கூடாது, துப்பக்கூடாது, உறிஞ்சுகுழல் வைத்து எதையும் உறிஞ்சக்கூடாது, ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். நாளையிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர். கன்னத்துக்கு ஐஸ். மெல்லத் தேவையில்லாத சாப்பாடு. முகம் வீங்கும், மஞ்சளும் நீலமுமாகும், பயப்பட வேண்டாம். தையல் பிரிக்க வர வேண்டியதில்லை, நூல் தானாகக் கரைந்துவிடும்.

அதுவரை தலையாட்டிக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தினார். “தானா கரையுமா? அப்ப தைச்சது நிக்குமா சிஸ்டர்?”

“வேலை முடியற வரைக்கும் நிக்கும்.”

“வேலை முடியற வரைக்கும் நிக்கற நூல்,” என்று அவர் தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார். வீடு வருகிற வழியிலும் சொன்னார்.

கிளம்புமுன் நெட்டை டாக்டர் ஒரு சின்ன புட்டியோடு வந்தாள். பல் நாலு துண்டாக உள்ளே கிடந்தது. ஓரம் பிசிறில்லாத வெட்டு. ஆணிக்காரி விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டம் கீறாமல், துணி கிழியாமல், வளைந்துபோன ஆணியைப் பிடுங்குவது எப்படிப்பட்ட வேலை என்று அவளுக்குத் தெரியும். இது ஓர் எலி வளைக்குள் கையை விட்டு, அங்கே தூங்குகிற எதையும் எழுப்பாமல் செய்த வேலை.

“கட்டியும் முழுசா வந்துடுச்சு. எலும்புக்குள்ள இருந்த நரம்பைப் பாத்தேன்,” என்றாள் டாக்டர். “வெள்ளையா, பளபளன்னு. தொடல.”

ஆணிக்காரி தன் நாக்கைச் சுட்டிக் காட்டினாள்.

“அதைப் பாக்கல. பாக்காததுதான் நல்லது.”

அன்று சாயங்காலம், மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்கி, உதட்டில் எறும்பு ஊர்ந்தது. பிறகு மோவாயில். ஒவ்வொரு இடமாக விளக்குப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி முகம் திரும்பி வந்தது. நாக்கின் வலது பாதியும் வந்தது. இடது பாதி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அந்தப் பாதி வாய்க்குள் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் போல இருந்தது. முகம் வீங்கி, நிறம் மாறி, வடிந்தது. ஐஸ் வைத்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், மசித்த உருளைக்கிழங்கும் ஆறின சூப்புமாக நாள் போனது. கரைகிற நூலும் கரைந்துபோனது. நாக்குப் பாதி அசையாமல் தூங்கியது. இல்லை, அசையத்தான் செய்தது. தான் அசைவது அதற்குத் தெரியவில்லை.

மறுபடி காட்டப் போனபோது, டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் நாக்கைத் தடவிப் பார்த்தாள். “இப்ப தெரியுதா? இப்ப?”

“தொட்டீங்களா?”

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தாள். “வீக்கத்துல நரம்பு நசுங்கியிருக்கலாம். அது திரும்ப ரொம்ப மெதுவா வளரும்மா, நகம் வளர்ற மாதிரி. மாசக்கணக்கு ஆகலாம்.”

“வராமலும் போகலாமா?”

“போகலாம். நான் அப்படி நினைக்கல.”

பொய் சொல்லாதவள் என்பதனால் ஆணிக்காரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் கடையில் ஒரு சலூனின் நாற்காலிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தாள். கை ஆணிக்குப் போனால் மடிப்பு ஓடியது. மடிப்பைப் பிடித்தால் ஆணி சிதறியது. ஒரே மூலையைப் பிரித்துப் பிரித்து அடித்து, சுத்தியலைக் கீழே போட்டாள். அவள் சுத்தியலைப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

தையல்காரர் மெஷினை விட்டு எழுந்தார். நாலு ஆணியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“எங்கே, சொல்லு. எப்படிப் புரட்டறது?”

“ஐயோ, துப்புங்க முதல்ல!”

“ம்ம். சொல்லு.”

“நாக்கு நுனியால கொண்டையைத் தேடுங்க. விழுங்காதீங்க. எச்சிலை விழுங்காதீங்க!”

எச்சில் சட்டையில் ஒழுகியது. கண் பிதுங்கியது. உதட்டில் முனைதான் வந்து நின்றது, கொண்டை வரவில்லை. காந்தச் சுத்தியல் அதைக் கவ்வப் போய் அவர் மேலுதட்டைக் குத்தியது. “அம்மாடி” என்று அவர் அலறியதில் நாலும் தரையில் சிதறின. நாத்தனார் மாடியிலிருந்து ஓடிவந்தாள். “அண்ணே, ஒரு ஞானப்பல்லு பத்தாதா வீட்டுக்கு?”

ஆணிக்காரி சிரித்தாள். தாடை வலிக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கினாள். பொறுக்கும்போது அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மழை ஓய்ந்து, ஒரு வெயில் காலம் வந்து, அதுவும் போய், மறுபடி மழை பிடித்தது. சலூன் நாற்காலிகளை இரண்டு பேரும் சேர்ந்து முடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் மடிப்பைப் பிடிப்பார், அவள் அடிப்பாள். ஒருவர் செய்த வேலையை இருவர் செய்தார்கள். அதில் சண்டையும் இருந்தது, பேச்சும் இருந்தது. அவள் நாக்கைப் பற்றி இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம். வெளியே கொட்டுகிறது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் மெஷின் ஓடுவதுகூடக் கேட்கவில்லை. மெஷின் மேஜையோரம் உட்கார்ந்து அவள் பாலில் ஊறிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழக்கம் விட்டுப்போகாமல் இன்னும் மெத்தென்ற சாப்பாடுதான்.

பாதி வாயில் நிறுத்தினாள்.

“என்ன, கல்லா?” என்றார் தையல்காரர்.

கரண்டி கையிலேயே நின்றது.

“வலிக்குதா? இந்தா, என்னன்னு சொல்லு.” மெஷினை நிறுத்திவிட்டு அவர் எட்டிப் பார்த்தார். பால் கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளை நூல் பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. “அடடா, பிசிறு விழுந்திருக்கு. வாயில போயிடுச்சா? துப்பு, துப்பு. வேற பால் கொண்டாரேன்.”

அவள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். அசையாதே என்று சொல்கிற மாதிரி, குருவி வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி.

நாக்கின் இடது பக்கத்தில் அது கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை. கண்ணுக்குத் தெரியாததுதான், ஆனால் அங்கே அது வடக்கயிறு போலக் கிடந்தது. முறுக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்தது. அவள் அதை மெதுவாகக் கொஞ்சம் தள்ளினாள். அது நகர்ந்தது. நகர்ந்தது தெரிந்தது.

“ஏய், என்னாச்சு?” என்றார் அவர், குரல் இறங்கி.

வாயைத் திறந்தால் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நூலின் இரண்டு முனைகளையும் நாக்கால் தேடிக்கொண்டிருந்தாள்.